கதவு எண்ணைத் தேதியாக்கும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் செய்யும் முதல் உருப்படியான வேலை, எக்ஸெல்லைத் திறந்து ஒரு முகவரிப் பட்டியல் தயாரிப்பதுதான். வீட்டில் கல்யாணம், பத்திரிகை அனுப்ப வேண்டும். அல்லது "உங்கள் வீட்டில்தான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே" என்று குடியிருப்போர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். பெயர், கதவு எண், தெரு, போன் நம்பர் என்று நான்கு தலைப்புகள் போட்டுக்கொண்டு உட்காருகிறீர்கள். சென்னையில் புதிய எண், பழைய எண் இரண்டையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு எழுதுவது வழக்கம். அதன்படி 5/12 என்று டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள். கட்டத்தில் நிற்பது கதவு எண் அல்ல, டிசம்பர் 5!

பயப்பட வேண்டாம், இது வைரஸ் இல்லை. எக்ஸெல் உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு செய்த வேலை இது. அதே கம்ப்யூட்டரில் விண்டோஸின் ரீஜன் அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், அதே 5/12 மே 12 ஆகிவிடும். 0-வில் தொடங்கும் போன் நம்பரை டைப் செய்தால் முன்னால் உள்ள 0 காணாமல் போகும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை டைப் செய்தாலோ இன்னும் மோசம். கடைசி இலக்கம் எதுவாக இருந்தாலும் அது 0 ஆகிவிடும். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். எந்த எச்சரிக்கையும் வராது. அந்தப் பட்டியலைப் பார்த்து யாராவது பணம் அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால், தெரிந்தவர்கள் சொல்லும் பதில் "எக்ஸெல் அப்படித்தான்" என்பது. எனக்கு இந்தப் பதில் போதவில்லை. சாப்ட்வேர் எழுதுவது என் தொழில். இந்தச் சின்னத் தொல்லைக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான வயதுள்ள ஒரு கணிதக் கேள்வி இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பிறந்தது டைப் தியரி. அதோடு பின்னால் கைகோர்த்துக்கொண்டது கேட்டகரி தியரி. இரண்டும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் சமாச்சாரம், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு எதற்கு என்று கேட்பார்கள். வீட்டில் வைத்திருப்பவருக்குத்தான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி. ஆராய்ச்சியாளர் தப்பை எப்படியாவது கண்டுபிடித்துக்கொள்வார். நீங்கள் கம்ப்யூட்டரை நம்பிவிடுவீர்கள்.

ஒரு சிறு குறிப்பு. தமிழில் எழுதினால் இரண்டுமே "வகை" என்றுதான் வரும். அதனால் பெயர்களை அப்படியே விட்டுவிட்டேன். இங்கே டைப் என்பது கீபோர்டில் தட்டுவது அல்ல. ஒரு டேட்டா எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது. எண்ணா, எழுத்தா, தேதியா, ஆம்-இல்லையா? எண் என்றால் கூட்டலாம். எழுத்து என்றால் ஒன்றோடு ஒன்று ஒட்டலாம். தேதி என்றால் அடுத்த வாரம் என்ன தேதி என்று கேட்கலாம். கதவு எண்ணை யாரும் கூட்டுவதில்லை, ஆகவே அது எண்ணே அல்ல. போன் நம்பரும் வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியே. பெயரில் எண் என்று இருந்தாலும் அவை எழுத்து வகை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விஞ்ஞானிகளும் தப்பவில்லை

உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று வருத்தப்பட வேண்டாம். மனித மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் மார்ச்1, இன்னொன்று செப்ட்2. உயிரியல் ஆய்வாளர்கள் இந்தப் பெயர்களை எக்ஸெல்லில் ஏற்றியதும் அவை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகளாக மாறின. இந்தச் சிக்கலைப் பற்றி 2004-லேயே ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். 2016-ல் வேறு ஒரு குழு, எக்ஸெல் பைலில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கட்டுரைகளில் இந்தத் தப்பு இருந்தது. மருந்து கண்டுபிடிக்க ஆதாரமாகும் பட்டியல்கள் இவை.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டது. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1, செப்ட்2 இப்போது செப்டின்2. ஒரு சாப்ட்வேரின் யூகத்துக்காக உயிரியல் தன் அகராதியைத் திருத்தியது. சிரிப்பாக இருந்தாலும் எனக்கு இது கோபம் வரவழைக்கும் செய்தி. பெயர் மாற வேண்டிய இடம் அது அல்ல.

வகை தப்பினால் பட்டியல் மட்டும் போகும் என்று இல்லை. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. தரையில் இருந்த ஒரு சாப்ட்வேர், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் எழுதியது. அதைப் படித்த சாப்ட்வேர் நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். கலம் செவ்வாய்க்கு வெறும் 57 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கிவிட்டதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இரண்டும் "எண்", அதனால் அதற்குத் தடை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பவுண்டு ஒரு டைப், நியூட்டன் வேறு டைப் என்று சொல்லி வைக்கும் வசதி எஃப் ஷார்ப் போன்ற மொழிகளில் இன்று இருக்கிறது. அதில் இரண்டையும் கலந்து எழுதினால் புரோகிராம் ஓடவே தொடங்காது.

எங்கிருந்து வந்தது இந்த யோசனை?

கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே கற்பனை செய்து பார்க்கலாம். ஒரு போல்டரில் நிறைய நோட்பேட் பைல்கள். ஒவ்வொன்றும் ஒரு பட்டியல், மற்ற பைல்களின் பெயர்கள் அதில் இருக்கும். சில பைல்கள் தங்கள் பெயரையும் தங்களுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும், சில எழுதியிருக்காது. இப்போது புதிதாக ஒரு பைல் திறக்கிறீர்கள். தன் பெயரைத் தனக்குள் எழுதாத பைல்கள் எல்லாவற்றையும், அவற்றை மட்டும், இதில் எழுதப் போகிறீர்கள். இந்தப் புதிய பைலின் பெயரை அதில் எழுதுவதா, வேண்டாமா? எழுதினால், தன்னைத் தானே எழுதிய பைல் ஆகிவிடும், எழுதக்கூடாது. எழுதாமல் விட்டால், தன்னை எழுதாத பைல் ஆகிவிடும், எழுதியாக வேண்டும். எப்படிப் போனாலும் முட்டுச் சுவர்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1901-ல் கண்ட முரண்பாடு இதுதான். அவர் பட்டியல் என்ற இடத்தில் கணம் என்று சொன்னார், அவ்வளவே. 1902-ல் இதைக் கடிதமாக ஜெர்மனியில் இருந்த கோட்லோப் பிரேகேவுக்கு எழுதினார். கணிதம் முழுவதையும் தர்க்கத்தின் மேல் கட்டிவிடலாம் என்று ஆண்டுக்கணக்கில் உழைத்த பிரேகேவின் நூலின் இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. அஸ்திவாரத்தில் விரிசல் என்று தெரிந்ததும் பிரேகே அதை மறைக்கவில்லை. ஒரு பின்னிணைப்பு சேர்த்து, உள்ளதை ஒப்புக்கொண்டே வெளியிட்டார்.

ரஸ்ஸல் கண்ட மருந்து, படிநிலை. சாதாரணப் பைல்கள் கீழ்ப் படி. அவற்றைப் பட்டியலிடும் பைல் அடுத்த படி. அந்தப் பட்டியல்களைப் பட்டியலிடுவது அதற்கும் மேல் படி. ஒரு பட்டியல் தனக்குக் கீழ்ப் படியில் இருப்பதை மட்டுமே எழுதலாம். அப்படியானால் "இந்தப் பட்டியல் தன்னையே எழுதுமா" என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்வியே செல்லாது. 1908-ல் இதை விரிவாக வெளியிட்டார். டைப் என்ற சொல் தர்க்கத்தில் இந்தப் பொருளில் நுழைந்தது இப்படித்தான்.

தவறான விடை வேறு, செல்லாத கேள்வி வேறு. டைப் தியரியின் சாரம் இவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன். கதவு எண்ணோடு நாற்பது நாளைக் கூட்டினால் என்ன வரும்? நல்ல கம்ப்யூட்டர் இதற்கு விடை சொல்லக்கூடாது.

அமெரிக்கரான அலோன்சோ சர்ச் 1940-ல் இந்த யோசனையைத் தன் லாம்டா கால்குலஸில் புகுத்தினார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் காகிதத்தில் எழுதிய புரோகிராம் மொழி என்று அதைச் சொல்லலாம். 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னர், எம்எல் என்ற மொழியைச் செய்தார். இதில்தான் நம் எக்ஸெல் கதைக்கு நேரான பாடம் இருக்கிறது. எம்எல் மொழியில் இது எண், இது எழுத்து என்று நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் அதுவும் எக்ஸெல்லைப் போல யூகிக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்பீர்கள். இல்லை. எக்ஸெல் தோற்றத்தைப் பார்க்கிறது. நடுவில் சாய்கோடு இருக்கிறதா, தேதி மாதிரி தெரிகிறதா, சரி தேதி என்று வைத்துக்கொள்வோம் என்கிறது. மில்னரின் முறை பயன்பாட்டைப் பார்க்கிறது. இதை ஓரிடத்தில் கூட்டியிருக்கிறாய், ஆகவே எண். இன்னோர் இடத்தில் அதையே பெயரோடு ஒட்டியிருக்கிறாய், ஆகவே எழுத்து. இரண்டும் ஒத்துவரவில்லை, ஆகவே நான் ஓட்ட மாட்டேன் என்று நின்றுவிடும். ஒன்று ஜோசியம், மற்றது விசாரணை. முடிவு தெரியாதபோது ஜோசியர் ஏதாவது சொல்லிவிடுவார். விசாரணை அதிகாரி வழக்கைத் திருப்பி அனுப்புவார்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சரியாக ஓடக்கூடிய சில புரோகிராம்களையும் கம்பைலர் புரியவில்லை என்று திருப்பி அனுப்பும். அவசரத்தில் இருக்கும்போது எரிச்சல் வரும். எனக்கும் தினமும் வருகிறது. ஆனாலும் ஓடுவதற்கு முன் வரும் எரிச்சல் மலிவு.

எஞ்சினியரிங் கல்லூரியில் இதை எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. சி மொழி வகுப்பில் இன்ட், ஃப்ளோட், கேர் என்று மூன்றை எழுதிப்போட்டு, இது எத்தனை பைட், அது எத்தனை பைட் என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். டைப் என்றால் டப்பாவின் அளவு என்றுதான் வகுப்பில் பாதிப் பேர் வெளியே வந்தோம். டப்பாவின் மேல் ஒட்டிய லேபிள் அது, உள்ளே உப்பா சர்க்கரையா என்று சொல்வது அது, என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

பார்முலாவை இழுத்துவிடுவது

கேட்டகரி தியரியை 1945-ல் சாமுவேல் ஐலன்பர்க், சாண்டர்ஸ் மக் லேன் என்ற இரு கணிதர்கள் தொடங்கினார்கள். வடிவங்களை ஆராயும் டோபாலஜி என்ற துறைக்காகச் செய்தது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நீங்கள் எக்ஸெல்லில் அதை ஏற்கனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏ காலத்தில் ஆங்கிலத்தில் டைப் செய்த பெயர்கள் இருக்கின்றன. முன்னும் பின்னும் வேண்டாத இடைவெளிகள். பி1 கட்டத்தில் =ட்ரிம்(ஏ1) என்று கொடுத்தால் இடைவெளிகள் போகும். சி1 கட்டத்தில் =அப்பர்(பி1) என்று கொடுத்தால் எல்லாம் பெரிய எழுத்தாகும். பங்ஷன்களின் பெயரை ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ட்ரிம் ஓர் அம்பு, எழுத்தை வாங்கி எழுத்தைத் தருகிறது. அப்பர் இன்னோர் அம்பு. ஒன்றின் முனையும் மற்றதன் வாலும் ஒரே டைப்பாக இருப்பதால் இரண்டையும் மாட்டலாம். லென் என்ற அம்பு எழுத்தை வாங்கி எண்ணைத் தரும், எத்தனை எழுத்து என்று. லென்னுக்குப் பின்னால் அப்பரை மாட்ட முடியுமா? எண்ணைப் பெரிய எழுத்தாக்குவது எப்படி? எக்ஸெல் மறுக்காது, எண்ணை எழுத்தாக மாற்றிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தரும். டைப் பார்க்கும் மொழி மறுக்கும்.

டைப்புகள் புள்ளிகள், பங்ஷன்கள் அம்புகள், பொருந்தும் அம்புகளை மாட்டலாம், எந்த ஜோடியை முதலில் மாட்டினாலும் விடை ஒன்றே, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும் அம்பும் ஒன்று உண்டு. இவ்வளவு இருந்தால் அது ஒரு கேட்டகரி.

இனி பி1 கட்டத்தின் ஓரத்தில் உள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். ஒரு பெயருக்கு எழுதிய பார்முலா முந்நூறு பெயர்களுக்கும் வேலை செய்கிறது. சி காலத்தையும் அப்படியே இழுங்கள். இப்போது டி1 கட்டத்தில் =அப்பர்(ட்ரிம்(ஏ1)) என்று ஒரே பார்முலாவாக எழுதி அதையும் இழுத்துவிடுங்கள். சி காலமும் டி காலமும் வரிக்கு வரி ஒன்றாகவே இருக்கும். தனித்தனியாக இழுத்து மாட்டினாலும், மாட்டிவிட்டு இழுத்தாலும் ஒன்றே. இந்த விதிக்குக் கட்டுப்படுவதைக் கேட்டகரி தியரியில் பங்க்டர் என்பார்கள். இது உண்மையாக இருப்பதால்தான் நீங்கள் ஒரு வரியைச் சரிபார்த்துவிட்டு மற்ற 299 வரிகளை நம்பி இழுக்கிறீர்கள்.

ஆனால் நடுவில் ஒரு கட்டத்தில் பிழை வந்தால்? பூஜ்ஜியத்தால் வகுத்தால் ஹேஷ் குறியோடு ஒரு எர்ரர் வருமே, அதை அடுத்த பார்முலாவில் பயன்படுத்தினால் அங்கேயும் எர்ரர், அதற்கடுத்ததிலும் எர்ரர். புதியவர்கள் இதைப் பார்த்துப் பதறுவார்கள். எனக்கு எக்ஸெல்லில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாமல், தெரியாது என்பதையே கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இப்படி "விடை வரலாம், வராமலும் போகலாம்" என்ற பங்ஷன்களை ஒழுங்காக மாட்டுவதற்கு மொனாட் என்ற கேட்டகரி தியரிக் கருத்து பொருந்துகிறது என்று இத்தாலியரான யுஜீனியோ மோஜி 1989-லும் 1991-லும் எழுதினார். ஹாஸ்கெல் மொழி அதை எடுத்துக்கொண்டது.

அதே எக்ஸெல் காலிக் கட்டத்தில் சறுக்குகிறது. ஐந்து மாணவர்கள். நால்வரின் மதிப்பெண் 60, 70, 80, 90. ஐந்தாவது மாணவன் பரீட்சைக்கு வரவில்லை, கட்டத்தைக் காலியாக விட்டீர்கள். ஆவரேஜ் பங்ஷன் காலிக் கட்டத்தை விட்டுவிட்டு 75 என்று சொல்லும். யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தில் 0 போட்டால் சராசரி 60. ஆனால் அதே காலிக் கட்டத்தைப் பிளஸ் குறி போட்டுக் கூட்டினால் எக்ஸெல் அதை 0 என்றே எடுத்துக்கொள்ளும். ஆப்சென்ட் என்பதும் பூஜ்ஜியம் என்பதும் ஒன்றா? எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். ஓரிடத்தில் ஒன்று, இன்னோர் இடத்தில் வேறு என்று எக்ஸெல் நடந்துகொள்கிறது.

"இல்லை" என்பதைத் தனியாகச் சொல்லாமல் சாதாரண மதிப்புக்குள் மறைத்து வைக்கும் பழக்கம் புரோகிராம் மொழிகளிலும் இருந்தது. 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக நல் என்பதைக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009-ல் அதைத் தனது நூறு கோடி டாலர் தவறு என்று மேடையிலேயே சொன்னார். அதன் பிறகு வந்த மொழிகள் பாடம் கற்றுக்கொண்டன. ஆண்ட்ராய்டு அப்ளிகேஷன்களுக்கு 2019 முதல் கூகுள் முன்னிறுத்தும் காட்லின் மொழியில், "பெயர்" ஒரு டைப், "பெயர், அல்லது ஒன்றுமில்லை" இன்னொரு டைப். இரண்டாவதைக் கொடுத்தால், ஒன்றுமில்லாமல் போனால் என்ன செய்வாய் என்று எழுதாதவரை கம்பைலர் விடாது. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் இப்படிச் சரிபார்த்த அப்ளிகேஷன்கள் ஏராளம்.

நிரூபணமும் ஒரு புரோகிராம்தான்

மழை பெய்தால் தரை நனையும். மழை பெய்தது. ஆகவே தரை நனைந்தது. இது தர்க்கம். மாவைக் கொடுத்தால் இட்லி தரும் பங்ஷன் ஒன்று இருக்கிறது. மாவு இருக்கிறது. ஆகவே இட்லி கிடைக்கும். இது புரோகிராம். இரண்டின் எலும்புக்கூடும் ஒன்றே என்பதை ஹாஸ்கெல் கரி கவனித்தார். வில்லியம் ஹோவர்ட் 1969-ல் முழுமையாக எழுதிவைத்தார், அது அச்சில் வந்தது 1980-ல். ஒரு கூற்று என்பது ஒரு டைப். அந்த டைப்பில் பொருந்தும் புரோகிராம் ஒன்றை எழுதிவிட்டால், அதுவே கூற்றுக்கு நிரூபணம். டைப் பொருந்துகிறதா என்று பார்ப்பது கம்ப்யூட்டருக்குச் சுலபம். ஆகவே நிரூபணத்தையும் கம்ப்யூட்டர் சரிபார்க்கலாம்.

இது யாருக்குத் தேவை? விளாடிமிர் வோயவோட்ஸ்கியின் கதையைக் கேளுங்கள். கணிதத்தின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கத்தை 2002-ல் பெற்றவர். அவரும் மிகைல் கப்ரானோவும் சேர்ந்து, கேட்டகரி தியரியின் உயர்ந்த படிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். அதன் முக்கியமான தேற்றம் உண்மையாக இருக்க முடியாது என்று 1998-ல் கார்லோஸ் சிம்ப்சன் எழுதினார். ஆனால் நிரூபணத்தில் எந்த வரி தப்பு என்று அவர் சுட்டிக்காட்டவில்லை. வோயவோட்ஸ்கி நம்பவில்லை. தப்பு தம் பக்கம்தான் என்று அவர் முழுதாக ஏற்றது 2013-ல். பதினைந்து ஆண்டுகள்! அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் பெரிய நிபுணர்கள். ஆனாலும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் வோயவோட்ஸ்கியே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். தம் நிரூபணங்களைக் கம்ப்யூட்டர் சரிபார்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்து, ஸ்வீடனைச் சேர்ந்த பெர் மார்ட்டின்-லோஃப் 1970-களில் உருவாக்கிய டைப் தியரியை எடுத்துக்கொண்டு உழைத்தார். பிரின்ஸ்டனில் 2012-13-ல் இதற்கென்றே ஓர் ஆண்டு ஆய்வாளர்கள் கூடினார்கள், 2013-ல் ஒரு நூலும் வந்தது. வோயவோட்ஸ்கி 2017-ல், 51 வயதில் காலமானார். ஆனால் அந்த வழி நிற்கவில்லை. எந்த வரைபடத்தையும் நான்கே வண்ணங்களில் தீட்டலாம் என்ற தேற்றத்தை 1976-ல் கம்ப்யூட்டர் துணையோடு நிரூபித்தபோது பலர் முகம் சுளித்தார்கள். அத்தனை கேஸ்களையும் மனிதன் எப்படிச் சரிபார்ப்பது? 2005-ல் ஜார்ஜ் கோந்தியே அதை முழுவதும் டைப் தியரியில் எழுதி, காக் என்ற சாப்ட்வேரைக் கொண்டு சரிபார்த்தார். அந்தச் சாப்ட்வேருக்கு இப்போது ராக் என்று பெயர்.

மேதைகளே தங்கள் வேலையைத் தாங்களே நம்பாமல் டைப்பிடம் கொடுத்துச் சரிபார்க்கும்போது, உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கைக் கம்ப்யூட்டர் யூகத்தில் ஓட்டுகிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். இன்டர்நெட் பேங்கிங் பக்கத்திலிருந்து தொகைகளைக் காப்பி செய்து எக்ஸெல்லில் பேஸ்ட் செய்தால் சில நேரம் அவை எழுத்து வகையாக வந்துவிடும். பார்க்க எண் மாதிரியேதான் இருக்கும். சம் பங்ஷன் போட்டால் அந்தக் கட்டங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதியை மட்டும் கூட்டும். அதே கட்டங்களைப் பிளஸ் குறியால் கூட்டினால் சரியான விடை வரும். மாதச் செலவு குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவீர்கள்.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. நீங்கள் அலைன்மென்ட்டை மாற்றாத வரை, எக்ஸெல் எழுத்தைக் கட்டத்தின் இடது பக்கமும் எண்ணையும் தேதியையும் வலது பக்கமும் ஒட்டி நிறுத்தும். தொகைகள் இடது பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிந்தாலும் அப்படியே.

முகவரிப் பட்டியலுக்கு வருவோம். டைப் செய்யத் தொடங்கும் முன்பே கதவு எண், போன், வங்கிக் கணக்கு ஆகிய காலங்களைத் தேர்வு செய்து, கன்ட்ரோல் கீயோடு 1 அழுத்தி, வரும் பெட்டியில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பே என்று சொன்னதைக் கவனியுங்கள். பிறகு மாற்றினால் பயனில்லை. 2025-ல் 5/12 என்று டைப் செய்து, அது தேதியான பின் டெக்ஸ்ட் என்று மாற்றினால் கட்டத்தில் 45996 என்று வரும். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எக்ஸெல் நாட்களை எண்ணும் கணக்கு அது. உங்கள் கதவு எண் அதற்குள் இல்லை.

2023-ல் மைக்ரோசாப்ட் ஒரு வசதி கொடுத்தது. புதிய எக்ஸெல்லில் பைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் தானாக மாற்றும் வேலைகளின் பட்டியல் இருக்கும். முன்னால் உள்ள 0-வை நீக்குவது, நீண்ட எண்ணை 15 இலக்கத்தோடு நிறுத்துவது, எழுத்தும் எண்ணும் ஒட்டி வந்தால் தேதியாக்குவது ஆகியவற்றின் டிக்கை எடுத்துவிடலாம். மரபணுக்காரர்கள் பெயரை மாற்றிய மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது இது. ஆனால் சாய்கோடு போட்ட கதவு எண் இந்தப் பட்டியலில் அடங்காது, அதற்கு டெக்ஸ்ட் என்று முன்கூட்டியே சொல்வதுதான் வழி. நீங்களாகத் தேடிப் போய் டிக்கை எடுக்கும் வரை மற்ற யூகங்களும் நடந்துகொண்டே இருக்கும். இது தலைகீழாக இருக்க வேண்டும். யூகம் வேண்டும் என்பவர் தேடிப் போய் டிக் போட்டுக்கொள்ளட்டும்.